பிஸ்தாவுக்கு நலங்கு

மே 2, வெள்ளி

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: கோயம்புத்தூர் கணபதியில் வசிக்கும் திவாகர் என்பவரின், அதாவது என்னுடைய, மேலுதட்டில் இதுவரை வதந்தியாக மட்டுமே உலவிவந்த மீசை, இன்று காலை முதல் உறுதி செய்யப்பட்ட செய்தியாகிவிட்டது. இதை முன்னிட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை. (ஏற்கெனவே கோடை விடுமுறைதான். இருந்தாலும் பெருமை என்னையே சேரும்.) பதினாறு வயதில் இது கொஞ்சம் முன்கூட்டியே கிடைத்த பதவி உயர்வு என்று பொறாமைக்காரர்கள் சொல்லலாம். அவர்களை மன்னிக்கிறேன்.

மற்ற சில்லறைச் செய்திகள்: மேகலா அக்காவுக்கு இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி கோத்தகிரியில் கல்யாணம். மாப்பிள்ளை தரணிதரனுக்கு அங்கே தேயிலை நாற்றுப் பண்ணை. ஆள் நல்லவர். என் ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறார், அதனால் அறிவாளியும்கூட.

இனி கெட்ட செய்தி. அக்கா மணப்பெண்ணாக மலையேறப் போவது எங்கள் பழைய பியட் காரில். வெளிர்பச்சை நிறம், அதனால் நான் வைத்த பெயர் பிஸ்தா. அப்பாவை விட இரண்டு வயது மூத்த வண்டி. வீட்டையொட்டியே அப்பாவின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அக்கா ஆட்டோமொபைல் படித்துவிட்டு அவரோடு அங்கேயே வேலை செய்கிறாள். துருப்பிடித்துக் கிடந்த பிஸ்தாவை மூன்று வருஷமாக இருவரும் சேர்ந்துதான் தேற்றினார்கள். இப்போது பிஸ்தாவின் எஞ்சின் லேத் பட்டறையில் வயிற்றைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறது. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியாயிற்று, அந்த அளவுக்குப் பிஸ்டன் இன்னும் வந்து சேரவில்லை. கல்யாணத்துக்குள் வராது என்று இன்று தெரிந்துவிட்டது.

வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். அக்கா அதைக் காதில் வாங்காமல், மூலையில் கிடந்த ஒரு சின்ன வேனின் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அப்போதே வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன். காரணம், காற்று வாங்க.

மே 4, ஞாயிறு

மூலையில் கிடந்த வேன் எஞ்சின் பிஸ்தாவின் பானெட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. அப்பா இரண்டு இரும்புப் பட்டை வெல்டு வைத்துத் தாங்கல் கொடுத்துவிட்டார். பிரச்சினை பெட்ரோலில். அக்கா எனக்கு விளக்கிய பாடம் இது:

"பழைய எஞ்சின் டம்ளர்ல குடிக்கிற ஆளுடா. பெட்ரோல் மெதுவாப் போனாப் போதும். இது ஊசி போட்டுக்கற ஆளு. பம்ப் வெச்சு அழுத்திப் பீச்சியடிக்கோணும். மிச்சமானது டேங்குக்கே திரும்பி வரோணும்."

ஆகவே ஒரு போக்கு, ஒரு வரத்து. பெட்ரோலுக்கும் மறுவீடு உண்டு என்று சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. நானும் ஏன்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது.

பிஸ்தாவின் உடம்பில் ஒரு புது ஓட்டைகூடப் போடக் கூடாது என்பது அக்காவின் சட்டம். ஏனென்றால் இது தற்காலிகம்தான், பழைய எஞ்சின் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அதனால் டேங்கின் மேல் இருக்கும் மீட்டர் மிதவையை மூடியோடு கழற்றிவிட்டு, அதே அளவில் அலுமினியத்தில் வேறொரு மூடி வெட்டினாள். அதில்தான் திரும்பி வரும் குழாய்க்கு வழி. கழற்றிய ஒரிஜினல் சாமான் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள். டப்பாவின் மேல் டேப் ஒட்டி, 'பிஸ்தாவுடையது. தொட்டால் கை இருக்காது' என்று எழுதியிருக்கிறாள்.

மிதவை இல்லாததால் இனிப் பெட்ரோல் மீட்டர் வேலை செய்யாது. டேங்கைத் திறந்து குச்சி விட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். அந்தப் பதவி எனக்கு. குச்சி மந்திரி.

ஏற்றுக்கொண்டேன். பயம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாது. போன வருஷம் இதே ஒர்க்‌ஷாப்பில் அப்பா பெட்ரோலில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் தொங்கிய பல்பு விழுந்து உடைந்து பக்கென்று பிடித்துக்கொண்டது. அப்போதுகூட நான் நிதானமாகத் தண்ணீர் எடுக்கத்தான் வாசலுக்கு ஓடினேன். தண்ணீர்க் குழாய் பின்பக்கம் அல்லவா இருக்கிறது என்று அம்மா பிற்பாடு கேட்டாள். அவசரத்தில் யார் திசை பார்க்கிறார்கள். அக்காதான் சாக்கைப் போட்டு அணைத்தாள். அப்பாவின் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இன்னும் சுருங்கியே இருக்கிறது. அதற்கப்புறம் அவர் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார்.

மே 6, செவ்வாய்

என் தலையணையில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. அம்மா மோந்து பார்த்துவிட்டு இல்லை என்கிறாள்.

மே 8, வியாழன்

இன்று பம்பை முதல்முறையாக ஓட்டிப் பார்த்தார்கள். டிக்கியில் டேங்கை ஒட்டிப் பம்ப். சாவியைத் திருப்பியதும் கொசு பாடுவது போல ஒரு சத்தம். குழாய் விறைத்தது. அக்கா பானெட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் ஒரு கிளிப் நழுவி, பெட்ரோல் விசிறியாகக் கிளம்பியது. அவள் கன்னம், கழுத்து, சட்டை எல்லாம் நனைந்தது.

அப்பா சாவியைப் பிடுங்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். அம்மா ஓடிவந்து அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால், வெளிக்கேட்டின் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். சரியாக இருக்கிறது.

அப்பா எல்லாக் கிளிப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு, அழுத்தம் தாங்குகிற குழாயும் கிளிப்பும் புதிதாக வாங்கிவந்தார். "கண்ணாலத்துக்குப் போற பொண்ணு அம்மிணி நீயி" என்று மட்டும் சொன்னார். திட்டினாரா கெஞ்சினாரா என்று தெரியவில்லை.

மே 10, சனி

மாபெரும் விழா. அக்கா ரவிக்கை அளவு கொடுக்கப் போயிருந்தாள், அப்பா லேத்துக்குப் போயிருந்தார். வீட்டில் நலங்குக்கென்று அம்மா ஒரு சட்டி நிறையச் சந்தனம் குழைத்து வைத்திருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு மட்டும்தான் நலங்கா? அவளைச் சுமக்கப் போகிறவளுக்கு வேண்டாமா?

பிஸ்தாவுக்கு நலங்கு வைத்தேன். முகப்பு விளக்குக்குச் சந்தனம், கண்ணாடிக்குச் சந்தனம், ஸ்டியரிங்குக்குச் சந்தனம். பம்புக்கு ஒரு பொட்டு, அது என்னோடு பேசுவதில்லை என்றாலும். கிளிப்புகளுக்கு ஆளுக்கொரு பொட்டு, இனி நழுவ மாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. கடைசியில் பெட்ரோல் ஊற்றும் டேங்க் மூடி. நடுவில் சின்னதாக ஒரு துளை, அச்சு அசலாகத் தொப்புள். சந்தனத்தைக் கட்டைவிரலால் அதில் அழுத்தி, மேலே குங்குமம் வைத்து, மூடியை மறைக்கும் சின்னக் கதவைச் சாத்தினேன். மானம் காக்க வேண்டுமல்லவா.

அம்மா பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் உள்ளே போய்க் கற்பூரத் தட்டோடு வந்துவிட்டாள். நான் தட்டைத் தட்டிவிட்டேன். பற்றவைக்காத கற்பூரம் தரையில் உருண்டது.

"ஏஞ்சாமி, சாமிக்குக் காட்டறதத் தட்டி உடறே?" என்றாள் அம்மா.

கை தவறிவிட்டது என்றேன். தீப்பெட்டியை மட்டும் கை தவறாமல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

அக்கா வந்து பார்த்துவிட்டு, நலங்கு வைத்தவனே கழுவ வேண்டும் என்று தீர்ப்பளித்தாள். கழுவினேன். கண்ணில் பட்டதையெல்லாம் கழுவினேன். ரிகர்சலுக்காகச் சரவணம்பட்டி வரை போய்வந்தோம். பிஸ்தா வெண்ணெய் மாதிரி ஓடியது. ஓட்டியது அக்கா. அப்பா கண்ணை மூடி எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். வெயிலில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை நீட்டினாள். "ஒத்திக்கோ, தேய்க்காத" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

மே 13, செவ்வாய்

டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலையில் நீண்ட ஓட்டம். பின்சீட்டில் நான். எனக்குப் பின்னால் டிக்கி, டிக்கிக்குள் பம்ப். அதன் கொசுப் பாட்டு எனக்குப் பழகிவிட்டிருந்தது. பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் பாட்டு மாறியது. மெல்ல மெல்ல உச்சத்துக்கு ஏறி, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அழுவது போல ஆயிற்று. நான் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி இரண்டு முறை விக்கி, காரமடைக்கு முன்னால் நின்றுவிட்டது.

அப்பாவும் அக்காவும் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்தார்கள். குச்சி மந்திரி தன் கடமையைச் செய்யப் போனார். மூடியைத் திருகியதும் ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. டேங்குக்கும் என்னைப் போலவே கஷ்டம் போலிருக்கிறது. பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினேன். கொஞ்ச நேரத்தில் வண்டி தானாகவே கிளம்பிவிட்டது.

பம்ப் சூடாகியிருக்கும் என்றார் அப்பா. வீடு வரும்வரை யாரும் பாட்டுப் போடவில்லை.

மே 14, புதன்

அக்கா பம்பை வேறு இடத்தில் மாட்டினாள். கை முழுக்கக் கிரீஸ். மருதாணி எங்கே வைப்பது என்று அம்மா அழுகிறாள்.

மே 16, வெள்ளி

இன்று எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் அது மண்டைக்குள்ளேயே ஓடுகிறது.

கோத்தகிரி மலைப்பாதைக்குப் போனோம். அக்கா ஸ்டியரிங்கில், பக்கத்தில் அப்பா, பின்னால் நான். மடியில் ஒரு மரக்கட்டை. பிஸ்தாவின் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். மலையில் நின்றுவிட்டால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைக்க வேண்டியது என் பொறுப்பு. நிற்காது என்று நம்பித்தான் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள்.

மேட்டுப்பாளையம் தாண்டி ஏற ஆரம்பித்ததுமே பம்ப் அழத் தொடங்கிவிட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. பின்கழுத்தில் கேட்டது. ஒரு கொண்டையூசி வளைவில், சரியாக முக்கால்வாசி திரும்பியிருக்கும்போது, எஞ்சின் செத்துப்போயிற்று.

பின்னால் ஒரு பஸ். அதுவும் வளைவுக்குள் வந்துவிட்டது. அக்கா பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டார்ட் செய்ய வேண்டுமென்றால் அந்தக் காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைக்க வேண்டும். எடுத்தாள். பிஸ்தா பின்னால் உருண்டது. மறுபடி மிதித்தாள். மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு முழம். பஸ்ஸின் முகம் பின்கண்ணாடியை நிறைத்தது. ஹாரன் நிற்காமல் அடித்தது. வலதுபக்கம் தடுப்புச் சுவர், அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

"கட்டைடா, கட்டை" என்றாள் அக்கா. கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கதவைத் திறந்தேன். என் கால் எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கே நிச்சயமில்லை. கீழே சாலையோரம் நாலைந்து பேர் நின்றார்கள், அங்கே ஓடிப் போய்விட வேண்டும் போலிருந்தது. கார் என்னைத் தாண்டி நகர்ந்தது. சக்கரம் என் செருப்பு நுனியைத் தொட்டது. குனிந்து கட்டையைச் சொருகினேன். டயர் கட்டையின் மேல் ஏறப் பார்த்தது, நறநறவென்றது, நின்றது. பஸ்ஸும் நின்றிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன், அவ்வளவு இடம்தான் இருந்தது.

அப்பா பானெட்டைத் திறந்தார். என்னைப் பார்த்து, "டேங்கப் பாரு" என்றார்.

மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ்ஸ். நீளமாக, ஒரு மூச்சுக்கு மேல் இழுத்தது. பஸ் ஹாரனில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

என்ன பார்த்தேன் என்று இன்று எழுத மாட்டேன்.

வண்டி கிளம்பியது. மேலே போகவில்லை, திரும்பிவிட்டோம். அக்கா கைக்குட்டையை நீட்டினாள். ஒத்திக்கொண்டேன். கைக்குட்டையில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. வேர்வை.

மே 17, சனி

அப்பா முடிவு சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு வாடகை வண்டி. அக்கா ஏன் என்று கேட்டாள்.

"உன்ர வேலையில எங்கியோ ஒரு தப்பு இருக்குது அம்மிணி. எங்கீன்னு எனக்கும் தெரீல, உனக்கும் தெரீல. தெரியாத வண்டீல உன்னைய ஏத்தி அனுப்ப மாட்டேன்."

அக்கா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். தன் வேலையில் தப்பில்லை என்றாள், இத்தனை வருஷத்தில் தன் வேலை எதுவாவது திரும்பி வந்திருக்கிறதா என்று கேட்டாள். அவள் போய் ஒரு வெள்ளைக் கேனை எடுத்து வந்து வைத்தாள். பம்பை இடம் மாற்றியும் சரியாகவில்லை, அப்படியானால் டேங்க்தான் பிரச்சினை, டேங்கே வேண்டாமாம். கேனில் பெட்ரோல் ஊற்றி, காலடியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே பம்புக்கு லைன் கொடுத்துக்கொள்வாளாம்.

அப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் இடது சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்தான்.

அவர் போனதும் அக்கா கேன் மூடியில் ஓட்டை போட ஆரம்பித்தாள். பட்டுப்புடவை. காலடியில் கேன். கையில் ஆரத்திக் கற்பூரத்தோடு எத்தனை பேர் வந்து வரவேற்பார்கள்.

கேன் மூடியில் அவள் இரண்டு ஓட்டை போட்டாள். ஒன்று குழாய்க்கு. இன்னொன்று எதற்கு என்று தெரிந்தே கேட்டேன்.

"காத்துப் போறதுக்குடா. பெட்ரோல் கீழ எறங்க எறங்க மேல காத்துப் போகோணுமல்ல. இல்லீன்னா உள்ள இழுத்துப் புடிச்சுக்கும். பம்ப் என்னதான் உறிஞ்சினாலும் வராது."

அவள் சொல்லிவிட்டுத் துளையைத் தொடர்ந்து போட்டாள். பிஸ்தாவின் மூடியை அவள் ஏன் நினைக்கவில்லை என்றால், அதில் துளை ஆதியிலிருந்தே இருக்கிறது. மூன்று வருஷமாக அவளே துடைக்கும் துளை. அதில் எவனாவது பொட்டு வைப்பான் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. செருப்பு நுனியில் சக்கரம் வந்த மாதிரி. இப்போது சொன்னால், அந்த வளைவில் அவர்கள் இருவரும் பார்த்ததையெல்லாம் செய்தது நான் என்றாகிவிடும்.

மே 18, ஞாயிறு

வரலாற்றுக் குறிப்பு. எல்லோரும் எழுவதற்கு முன் நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கையில் ஒரு ஊக்கு. சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகியிருந்தது. குத்தக் குத்த மஞ்சள் பொடி விழுந்தது. கடைசியில் துளை வழியாக வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவு சின்ன வெளிச்சம்.

பிறகு காலைப் பலகாரத்தின்போது, தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தேன்: நின்ற இரண்டு முறையும் மூடியைத் திறந்தபோது ஒரு சத்தம் வந்தது, அதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தேன், மூடியின் காற்றுத்துளையில் அழுக்கு அடைத்திருந்தது, நானே நீக்கிவிட்டேன். மூடி விஷயத்தை மூடி மறைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

அப்பா இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அப்புறம் எழுந்து போய் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். என் தலையில் கை வைத்தார். இடது கை. "மெக்கானிக்கு" என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிறகு அக்காவிடம், "ஒரு மூடி ஓட்டையப் பாக்காம உட்டுட்டியே அம்மிணி" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, விரல் நகத்தை. நான் கையைச் சாம்பாருக்குள் விட்டேன்.

"ஆமாங்கப்பா. உட்டுட்டேன்" என்றாள்.

மதியம் மலையில் பாதி தூரம் போய்வந்தோம். பம்ப் ஒரே சுருதியில் பாடியது. கேன் ஒர்க்‌ஷாப் மூலைக்குப் போயிற்று. வாடகை வண்டியை வேண்டாமென்று சொல்லியாயிற்று. சித்தப்பா, பெரியப்பா, லேத்துக்காரர் எல்லோருக்கும் அப்பா போன் செய்து என் மூளையைப் பற்றிப் பேசினார்.

நான் வெற்றியாளன். சாப்பிட முடியவில்லை.

மே 22, வியாழன்

பெண் அழைப்பு. பிஸ்தாவுக்கு மல்லிகைச் சரம். அக்கா பட்டுப்புடவையில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள், அம்மா கத்தக் கத்தக் கேட்கவில்லை. அப்பா பக்கத்தில். நான் பின்னால், அம்மாவின் பக்கத்தில், கட்டையோடு. புதுச்சட்டையில் எண்ணெய்க் கறை பட்டது. கட்டையைக் கீழே வைக்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை, மலை ஏறும் இடத்தில் ஒருமுறை, குச்சி மந்திரி இறங்கி மூடியைத் திறந்து பார்த்தார். பெருமூச்சு இல்லை. ஊக்கை விட்டுக் குத்திப் பார்த்தேன். துளை துளையாகவே இருந்தது. ஆனாலும் அந்த வளைவு வந்தபோது கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்கழுத்தால் பம்பைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா ஏதோ கேட்டாள், என்ன கேட்டாள் என்று தெரியாது. வளைவு முடிந்தது. அடுத்தது வந்தது. அதுவும் முடிந்தது. ஒவ்வொன்றும் முடிய முடிய அக்காவின் புது ஊர் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, அப்போது பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

கோத்தகிரியில் குளிர். மண்டப வாசலில் நிறுத்திவிட்டு அக்கா சாவியை என் கையில் வைத்தாள். கை ஜில்லென்று இருந்தது. அவளும் பயந்திருக்கிறாள்.

மே 23, வெள்ளி

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்துவந்தேன். அவர் காலணியை ஒளித்து வைக்கத் திட்டமிருந்தது. ஏனோ செய்யவில்லை.

மே 24, சனி

திரும்பும்போது அப்பா ஓட்டினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

மே 25, ஞாயிறு

மறுவீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டார்கள். போய்விட்டார்கள். அக்கா அவளுடைய அறையிலிருந்து இரண்டு பெட்டி எடுத்துப் போனாள். கண்ணாடி மேஜை காலியாக இருக்கிறது. அதில் எனக்கு ஒன்றும் வேலை இல்லை, சும்மா பார்த்தேன்.

மே 27, செவ்வாய்

உடல்நலமின்மை காரணமாக வெளியே வரவில்லை. நண்பர்கள் வந்தார்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பேசி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

பிஸ்டன் வந்துவிட்டது. வேன் எஞ்சினை இறக்கிவிட்டோம். பம்ப், குழாய், கிளிப், அலுமினிய மூடி எல்லாவற்றையும் கழற்றினோம். ஒரிஜினல் சாமான்களுக்காக அப்பா பிஸ்கட் டப்பாவை எடுத்து வரச் சொன்னார். திறந்தேன்.

மேலாக ஒரு ஊக்கு. நான் எறிந்துவிட்டதாக நினைத்த ஊக்கு. நுனியில் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் அக்காவின் கண் மைப் பென்சில், பாதிக்கு மேல் தேய்ந்தது. பென்சிலைச் சுற்றி டேப், டேப்பின் மேல் அவள் கையெழுத்து: 'மீசை. தற்காலிகம். ஒரிஜினல் வந்ததும் கழற்றிவிடவும்.'

கொஞ்ச நேரம் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்புத்தான் வந்தது. அது சிரிப்பாகவே முடியவில்லை.

அப்பா, "என்றா தேடறே?" என்றார். கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். வெயிலுக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"மூடீல அழுக்கு இல்லீங்கப்பா" என்றேன். "சந்தனம். நாந்தானுங்க அடைச்சேன். நலங்கு வெச்சேனுங்க."

அவர் நீட்டிய கையைக் கீழே போடவில்லை. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த வளைவு அவர் முகத்தில் ஒருமுறை வந்து போனது. அப்புறம் துணியில் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். எண்ணைத் தேடவே வெகுநேரம் ஆயிற்று. ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மிணி. சாப்ட்டியா?"

சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். அங்கே மழையாம்.

"அந்த மூடி விசயம்," என்றார் அப்பா. நிறுத்தினார். "உன்ர வேலையில தப்பில்ல. நாந்தான் தெரியாமப் பேசிப்போட்டேன்."

மழைச் சத்தத்துக்கு அவள் ஜன்னலைச் சாத்துவது மறுபக்கம் கேட்டது.

"தெரியுங்கப்பா," என்றாள் அக்கா. "டப்பாவத் தொறந்துட்டானா?"

ஆகவே, பொதுமக்களின் மேலான கவனத்திற்கு ஒரு திருத்தம். மே இரண்டாம் தேதி வெளியான மீசை பற்றிய செய்தி ஆதாரமற்றது. மே பதினெட்டாம் தேதி வெளியான மூளை பற்றிய செய்தியும் அப்படியே. மேற்படி திவாகருக்கு மேலுதட்டில் ஒன்றும் இல்லை, மாதம் முழுவதும் இருந்ததெல்லாம் பயம்தான், அது மட்டும் ஒரிஜினல். பென்சிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அக்கா வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதற்குள் முளைத்துவிட்டால்.